கைப்பிடியின் நீளம்

மதுரைக்குத் தெற்கே எந்தக் கட்டட வேலைக்கும் மூன்று வகை ஆட்களுக்குத்தான் கூலி பேசுவார்கள். கொத்தனார், நிமிந்தாள், சித்தாள். கொத்தனார் கரண்டி பிடிப்பவர். நிமிந்தாள் கலவை போடுகிற, மூட்டை தூக்குகிற, சாரம் கட்டக் கைகொடுக்கிற ஆண். சித்தாள் கல்லும் மண்ணும் கலவையும் சுமக்கிற பெண். வட மாவட்டங்களில் நிமிந்தாளைப் பெரியாள் என்பார்கள். சித்தாள் எங்கே போனாலும் சித்தாள்தான்.

தமிழ் படித்தவளுக்கு ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. சிற்றப்பன் சித்தப்பா ஆனதுபோலச் சிற்றாள் சித்தாள் ஆனாள். சின்ன ஆள். நிமிந்தாள் என்பது என் காதில் எப்போதும் நிமிர்ந்த ஆள் என்றே விழுகிறது. ஒருவன் நிமிர்ந்தவன், ஒருத்தி சிறியவள். பெயர் இரண்டாக இருப்பதால் கூலியும் இரண்டாக இருக்கிறது. 1976இல் வந்த சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கும் ஒரே தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. சட்டம் வேலையைப் பார்க்கச் சொன்னது. வேலைத்தளம் பெயரைக் காட்டித் தப்பித்துக்கொண்டது. கூலியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த ‘நிமிர்ந்த’ என்னும் அடையில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வேலைத்தளத்தில் யார் நிமிர்ந்து நிற்கலாம், யார் குனிந்தே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது?

தளம் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் காத்திருக்காது. சாதாரண சிமெண்டு இறுகத் தொடங்க அரைமணி நேரத்துக்குக் குறையக் கூடாது, முழுதும் இறுக 10 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்குள் கொட்டி, பரப்பி, மட்டம் பார்த்து, தேய்த்து முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த நேரம் இன்னும் சுருங்கும். கொட்டியதை மண்வெட்டியால் இழுத்துப் பரப்புவார்கள். பிறகு மட்டப்பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல வலமும் இடமும் ஆட்டி ஆட்டி, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பிப் பின்னாலேயே நகர்வார்கள். அதன்பின் மணியாசுக் கட்டை. கடைசியில் இரும்புக் கரண்டி. இதில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டிய கான்கிரீட்டின் மேல் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கசிந்து நிற்கும். அது வற்றுவதற்குள் கரண்டி போட்டுத் தேய்த்துவிட்டால் தண்ணீர் மேல்தோலுக்குள்ளேயே அடைபட்டு, பின்னாளில் தளம் புழுதியாய்ப் பொரிந்து வரும். ரொம்பக் காத்திருந்தாலோ கரண்டி ஓடாது. எப்போது தொட வேண்டும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். நல்ல கொத்தனாருக்கு அது தெரியும். அந்த அறிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்தும்போது அவர் இருக்கும் நிலையைப் பாருங்கள். இடுப்பை இரண்டாக மடித்து, அல்லது ஈரக் கான்கிரீட்டின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, ஒரு கையை ஊன்றி மறு கையைச் சுழற்றிக்கொண்டு மணிக்கணக்கில். ஈர சிமெண்டு கடுமையான காரம். தோலைத் தின்னும். கைவிரல் இடுக்கிலும் முட்டியிலும் சிமெண்டுப் புண் இல்லாத கொத்தனாரைக் காண்பது அரிது. ஆக, நிமிந்தாள் என்று பெயர் வைத்துக்கொண்டவனும் அவனுக்கு மேலே இருக்கும் கொத்தனாரும்கூட அன்றைக்கு நிமிர்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் உடல் சுகமாக இருக்கிறது, பெண் உடல் மட்டும் நோகிறது என்று எழுதினால் அது பொய்.

நின்றபடியே இந்த வேலையைச் செய்யக் கருவிகள் இருக்கின்றன. அகலமான தட்டையான பலகைக்கு ஆளைவிட நீளமான கைப்பிடி. கைப்பிடியை லேசாகத் திருகினால் பலகையின் முன்விளிம்பு தூக்கும், எதிர்ப்பக்கம் திருகினால் பின்விளிம்பு தூக்கும். தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே தள்ளி இழுக்கலாம். மட்டப்பலகைக்குப் பதிலாக, நின்று பிடித்து நடத்துகிற, சின்ன மோட்டார் அதிர்வில் தானே சீவிக்கொண்டு போகும் பலகை இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் 2007இல் கட்டடத் தொழிலாளருக்காக எளிய கையேடு ஒன்றை வெளியிட்டது. தரைமட்டத்தில் செய்யும் வேலைகளுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. அங்கே இந்த மோட்டார் பலகையும், குனியாமல் கம்பி கட்டும் கருவியும் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. பலவற்றில் மாறியிருப்பது கைப்பிடியின் நீளம் மட்டும்தான்.

பணிச்சூழலியல் என்று இந்தத் துறைக்குத் தமிழில் பெயர். வேலைக்கு ஏற்ப ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்ப வேலையை வளைப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மாணவிகளிடம் இதைச் சொன்னால் உடனே வசதி, சொகுசு, விலையுயர்ந்த நாற்காலி என்று நினைக்கிறார்கள். வசதி என்பது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை என்கிற வகையைச் சேர்ந்தது. நீதி அப்படியல்ல. கைப்பிடியின் நீளம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது?

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. கலிபோர்னியாவின் கீரை வயல்களிலும் பீட் வயல்களிலும் நாற்றுக் களைக்கவும் களை எடுக்கவும் ஒரு களைக்கொட்டு புழங்கியது. அதன் பிடி ஒன்றிலிருந்து இரண்டு அடிக்குள்தான். பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த தொழிலாளர்கள் அதற்கு ‘எல் கோர்ட்டிட்டோ’, குட்டையன், என்று பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க இடுப்பை மடித்தே வேலை செய்தாக வேண்டும். முப்பது நாற்பது வயதுக்குள் முதுகு போய்விடும். நீளப் பிடி போட்டால் என்ன என்று கேட்டபோது பண்ணைக்காரர்கள் சொன்ன பதில், பயிர் கெட்டுப்போகும், கிட்டத்தில் இருந்து பார்த்தால்தான் கை பதமாக விழும் என்பது. தொழிலாளர்கள் வேறொன்றையும் சொன்னார்கள். குட்டைப் பிடி இருந்தால் வயல் ஓரத்தில் நிற்கும் கங்காணிக்கு வேலை சுலபம். யார் நிமிர்ந்திருக்கிறார்களோ அவர்கள் வேலை செய்யவில்லை. ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பாதுகாப்பற்ற கைக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த மாநிலத்தில் ஏற்கெனவே விதி இருந்தது. தொழிலாளர்கள் அந்த விதியைக் காட்டி முறையிட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். பாதுகாப்பற்ற கருவி என்றால் உடைந்தது, பிடி ஆடுவது, பழுதானது. இது நல்ல களைக்கொட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். 1975இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பழுதில்லாத கருவியாக இருந்தாலும், எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ அப்படியே பயன்படுத்தும்போது அது ஆளைக் கெடுக்குமானால் அது பாதுகாப்பற்ற கருவிதான் என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஆண்டே குட்டைப் பிடி தடைசெய்யப்பட்டது. கீரை விளைச்சல் விழுந்துவிடவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஒரு தத்துவ நூலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மார்ட்டின் ஹைடெகர் 1927இல் எழுதிய நூலில் சுத்தியலைப் பற்றிப் பேசுகிறார். நன்றாக வேலை செய்யும் சுத்தியல் கையில் இருப்பதே நமக்குத் தெரியாது, அது உடையும்போதுதான் சுத்தியலாக நம் கண்முன் வந்து நிற்கிறது என்பது அவர் கருத்து. முதுகலைப் பாடத்தில் இதைப் படித்தபோது வியந்துபோனேன். இப்போது யோசித்தால் அந்தச் சுத்தியலைப் பிடித்திருக்கும் கைக்கு வலியே இல்லை என்று தோன்றுகிறது. மணிக்கட்டு வீங்கிய ஒருத்திக்குக் கருவி எப்போதாவது மறையுமா? காலை எட்டு மணிக்கு அதைத் தொடும்போதே அது இருக்கிறது, இரவு பாத்திரம் விளக்கும்போது அது கையில் இல்லாமலேயே இருக்கிறது. கருவி உடைந்தால்தான் அது பிரச்சினை என்று நினைத்ததில் அந்தத் தத்துவவாதியும் கலிபோர்னிய அதிகாரிகளும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். உடைவது கருவியாக இல்லாமல் ஆளாக இருக்கலாம் என்பது வயலில் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

கங்காணியின் பார்வையைப் பற்றிப் படித்தபோது எனக்கு வயலைவிட நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. ‘குனிந்த தலை நிமிராத பெண்’ என்று நாம் ஒரு நற்சான்றிதழ் வைத்திருக்கிறோம். அங்கே குனிந்திருந்தால் உழைப்பாளி. இங்கே குனிந்திருந்தால் குடும்பப் பெண். இரண்டு இடத்திலும் நிமிர்வது சந்தேகத்துக்குரியது. நம் துடைப்பத்தை நினைத்துப் பாருங்கள். தென்னங்குச்சித் துடைப்பத்துக்கு ஒரு கம்பு செருகுவதற்கு எத்தனை நூற்றாண்டு தேவைப்பட்டது? அரசாங்கம் தெருக்கூட்டுவதற்குக் கொடுக்கும் துடைப்பத்தில் கம்பு இருக்கிறது. வீட்டுக்குள்ளே இன்னமும் பெரும்பாலும் இல்லை. கல்லூரி வராந்தாக்களில்கூடக் குட்டைத் துடைப்பத்தோடு குனிந்து நகரும் பெண்களைப் பார்க்கிறேன். கம்பின் விலை ஒரு தேநீர்ச் செலவுதான். கம்பு வாங்கிக் கொடுத்தாலும் சிலர் கழற்றிவிடுகிறார்கள், ‘குனிஞ்சு கூட்டுனாத்தான் மூலையில அழுக்குப் போகும்’ என்று. பண்ணைக்காரர்கள் சொன்னது இவர்கள் வாயிலிருந்தே வருகிறது. இதைக் கேட்டு அவர்கள் மேல் கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருத்தி தன் வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பது அவளுடைய மானம். அந்த மானத்தை முதுகு வலியோடு சேர்த்துக் கட்டியது யார் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

இன்னொன்று. தரையை மட்டமாக்குவது நம் நாட்டில் எந்தக் காலத்திலும் ஆண்களின் வேலை மட்டுமாக இருந்ததில்லை. மண்தரையைக் கெட்டித்து, மேடு பள்ளம் பார்த்து, சாணம் கரைத்து உள்ளங்கையால் வளைவு வளைவாக மெழுகியது பெண்கள். எந்த மண் வெடிக்கும், எவ்வளவு ஈரம் இருக்கும்போது மெழுக வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய கைக்குத் தெரிந்திருந்தது. கான்கிரீட்டின் கசிவு நீரைப் பார்த்துக் காத்திருக்கும் கொத்தனாரின் அறிவும் இந்த அறிவும் ஒரே இனம்தான். சிமெண்டுக்கு முன்னால், மரக் குறுக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி அதன்மேல் சுண்ணாம்புக் கலவை போடும் மெட்ராஸ் டெரஸ் மாடிகளில், அந்தக் கலவையை நாள் கணக்கில் அடித்து இறுக்கியவர்களில் பெண்கள் நிறைய. வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து அடித்து ஈரத்தை மேலே வரவழைப்பார்கள். சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு என்று ஒரு வகையே நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் இருக்கிறது. மண்ணும் சுண்ணாம்பும் தரையாக இருந்த காலத்தில் பெண்ணின் கை மட்டம் அறிந்திருந்தது. சிமெண்டு வந்தது. உள்ளங்கையும் மரக்கட்டையும் போய்க் கரண்டியும் ரசமட்டமும் வந்தன. அந்த இடமாற்றத்தில் அறிவு கருவியோடு சேர்ந்து ஆண் கைக்குப் போயிற்று. பெண்ணுக்குச் சட்டி வந்தது.

சட்டியைக் கருவி என்று யாரும் சொல்வதில்லை. ஆயுத பூஜை அன்று வேலைத்தளத்தில் கரண்டி, மணியாசுக் கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சட்டிக்கும் சில இடங்களில் வைக்கிறார்கள். சும்மாட்டுத் துணிக்கு வைத்து நான் பார்த்ததில்லை. கொத்தனார் தன் கருவிகளைத் தன் பையில் எடுத்து வருகிறார், மாலையில் கழுவி எடுத்துப் போகிறார். அவை அவருடையவை. நாளை வேறு மேஸ்திரியிடம் போனாலும் அந்தப் பை அவரோடு போகும். சட்டி மேஸ்திரியுடையது. சித்தாள் கொண்டு வருவது ஒரு பழந்துணியும், சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையும். தன் உடம்பைக் காப்பதற்கு அவள் கண்டுபிடித்த பாதுகாப்புக் கவசம் அதுதான்.

நன்னூல் வகுப்பில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு இது வந்து நிற்கும். ஆல் உருபுக்குக் கருவி, கருத்தா என்று இரண்டு பொருளும் உண்டு. கரண்டியால் பூசப்பட்ட சுவர் என்றால் கருவி. கொத்தனால் பூசப்பட்ட சுவர் என்றால் கருத்தா. செய்தவனுக்கும் செய்யப் பயன்பட்டதற்கும் தமிழ் ஒரே உருபைத்தான் வைத்திருக்கிறது. கருத்தாவிலும் இரண்டு. தச்சனால் கட்டப்பட்ட கோயில், இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில், ஏவுதற் கருத்தா. பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டுகள் இவை. ஒருமுறை கரும்பலகையில் ‘சித்தாளால் கட்டப்பட்ட வீடு’ என்று எழுதினேன். வகுப்பு சிரித்தது. இலக்கணத்தில் பிழை எதுவும் இல்லை. பிறகு ஏன் சிரிப்பு வந்தது என்று கேட்டேன். ‘சித்தாள் கட்ட மாட்டாங்களே மேம், தூக்கித்தான் குடுப்பாங்க’ என்றாள் ஒருத்தி. அப்படியானால் அந்த ஆல் உருபு எந்தப் பொருளில் வந்திருக்கிறது, அவள் கருத்தாவா கருவியா என்றேன். அடிமையை உயிருள்ள கருவி என்று அரிஸ்டாட்டில் சொன்னதை அந்த இடத்தில் சொன்னேன். நெசவுக் குழல் தானாகவே நெய்யுமானால் எசமானுக்கு அடிமை தேவைப்படாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அதாவது, கருவி போதாதபோது ஆள் கருவியாகிறாள். கருவிக்கு வலிக்கும் என்று யாரும் கருவி செய்வதில்லை.

உடலுக்கு ஏற்ற கருவி என்று சொல்லும்போது யாருடைய உடல் என்ற கேள்வியும் வரும். ஹென்றி டிரைஃபஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 1955இல் எழுதிய நூலில் ஜோ, ஜோசஃபின் என்று இரண்டு அளவு உருவங்களை வைத்திருந்தார். அவர்களைச் சுற்றித்தான் பொருள்கள் வடிவமைக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஜோ டிராக்டர் ஓட்டினான், விமான இருக்கையில் உட்கார்ந்தான். ஜோசஃபின் இஸ்திரி போட்டாள், தட்டச்சு செய்தாள், தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்தாள். அவளையும் அளந்தார்கள், அவள் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி அளந்தார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல் இந்திய உடலளவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அதில் பெண்களின் அளவும் இருக்கிறது. ஆகவே அளவு தெரியாது என்ற சாக்கு இனி இல்லை. ஆனால் கரண்டியின் பிடியைச் செய்கிற பட்டறைக்காரர் எதற்காகப் பெண் கையை நினைக்க வேண்டும்? பிடிக்கப்போவது பெண் இல்லையே. பெண் பிடிக்காததால் பிடி அவளுக்குப் பொருந்துவதில்லை. பொருந்தாததால் ‘பொம்பளக் கைக்கு இது வராது’. ஐரிஸ் மரியன் யங் 1980இல் பெண்கள் பந்து எறியும் விதம் பற்றி எழுதிய கட்டுரை இதே சுழலைத்தான் அவிழ்த்துக் காட்டியது. பெண் உடல் இயல்பிலேயே தயங்குவதில்லை. முழுக்கை வீச இடம் கொடுக்காமல் வளர்க்கப்பட்ட உடல் தயங்கக் கற்றுக்கொள்கிறது.

சட்டமும் பெண் உடலை எண்ணிப் பார்த்திருக்கிறது, எடைக்கல்லாக. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்துக்கு 1998இல் வந்த மத்திய விதிகளில், துணையில்லாமல் தூக்கக்கூடிய சுமை ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. சிமெண்டு மூட்டை 50 கிலோ. மூட்டை ஆணின் எல்லைக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. பெண்ணுக்குச் சட்டிதான், அதில் சட்ட மீறல் இல்லை. ஆனால் கணக்கை வேறு விதமாகப் போடலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போட்டால் கான்கிரீட் ஏறக்குறைய 28 டன் வரும். சட்டிக்கு 15 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 1,800 சட்டிக்கு மேல். ஒவ்வொரு சட்டியும் தரையிலிருந்து எழும்புகிறது. ஒரு தடவையின் எடையைக் கேட்கிற நாம் ஒரு நாளின் எடையைக் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு எழுந்துகொண்டிருந்தபோது அங்கே வேலை செய்த ஒரு சித்தாளிடம் அடிக்கடி பேசுவேன். ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருடமாக இதே வேலை. நான் படித்த நீளப் பிடிக் கருவிகளைப் பற்றி ஆர்வமாகச் சொன்னேன். குனியாமலே மட்டம் போடலாம் அக்கா என்றேன். அவர் கேட்டுவிட்டு, “அது கொத்தனாருக்குத்தான டீச்சர்?” என்றார். சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “மேல இருக்கவுகளுக்கு நல்லதா ஒண்ணு வந்துச்சுன்னா கீழ நாலு பேரு கொறைவாக. பம்பு வந்துச்சுல்ல, குழாய் வச்சு அடிக்கிறது. அன்னைக்கு எங்களுக்கு வேலையே இல்ல. இடுப்பு வலியும் இல்ல, கூலியும் இல்ல.”

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. கலவையை ஆலையிலேயே கலந்து லாரியில் கொண்டுவந்து குழாய் வழியே மாடிக்கு ஏற்றும் முறை பெரிய வேலைகளில் சாதாரணமாகிவிட்டது. முன்பு வரிசையாக நின்று சட்டி கைமாற்றிய பெண்கள் அந்த வேலைகளில் இப்போது இல்லை. பெண்ணின் முதுகு காப்பாற்றப்பட்டது என்று இதைச் சொல்லலாமா? சுமையிலிருந்து விடுதலை என்பது கூலியிலிருந்து விடுதலையாகவும் இருந்தால் அதை யார் கேட்பார்கள்? இந்த இடத்தில் சில தோழர்கள், கைப்பிடியைப் பற்றிப் பேசுவது கூலிப் போராட்டத்திலிருந்து திசைதிருப்புவது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலிபோர்னியத் தொழிலாளர்கள் சங்கத்துக்கும் கூலிக்கும் போராடிய அதே ஆண்டுகளில்தான் குட்டைக் களைக்கொட்டையும் எதிர்த்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கொட்டின் பிடி நீண்டது, அதைப் பிடித்த ஆள் மாறவில்லை. இங்கே குழாய் வந்தபோது ஆள் போய்விட்டாள். கருவி மேம்படுவது வேறு, கருவியாக வைக்கப்பட்டவளுக்குப் பதில் வேறு கருவி வருவது வேறு. இரண்டாவதைத் தடுக்க ஒரே வழி, அவள் ஏற்கெனவே கருத்தாவாக இருப்பது. கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்களைக் குழாய் விரட்டவில்லை. குழாயில் வருவதையும் யாரோ மட்டம் போட்டாக வேண்டும்.

கரண்டி பிடிப்பது ஒன்றும் நடக்காத கதையில்லை. ஜார்க்கண்டில் கிராமக் கழிப்பறைகள் கட்ட ஆட்கள் போதாமல் போனபோது ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கொத்தனாரை ராஜ்மிஸ்திரி என்பார்கள். பெண்களுக்கு ராணிமிஸ்திரி என்று பெயர் வந்தது. ராணி என்ற அலங்காரம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சித்தாளைவிடப் பரவாயில்லை. நம் ஊரில் நிமிந்தாளாக வரும் பையன் நாலைந்து வருடத்தில் கரண்டி பழகிக் கொத்தனாராகிவிடுவான். பக்கத்திலேயே முப்பது வருடம் நின்றவருக்கு அந்தப் பாதை இல்லை. “சாப்பாட்டு நேரத்துல ஒருநா எடுத்துப் பூசிப் பாத்தேன். நல்லாத்தான் வந்துச்சு. கொத்தனாரு பாத்துட்டுச் சிரிச்சாரு, திட்டல்லாம் இல்ல. ஆனா கரண்டிய வாங்கிக் கழுவி வச்சுட்டாரு” என்றார் அந்த அக்கா. கழுவி வைத்தது எதற்காக என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உங்களுக்கென்று ஒன்று செய்து கொடுத்தால் என்ன வேண்டும் என்று இன்னொரு நாள் கேட்டேன். கரண்டி என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டியைத்தான் பார்த்தார். “தலையில வச்சுட்டா ஒண்ணும் தெரியாது டீச்சர். கீழருந்து தூக்குறப்பத்தான் உசுரு போகுது” என்றார். சட்டியைத் தரையில் வைத்து நிரப்பாமல் இடுப்பு உயரத்தில் ஒரு திட்டில் வைத்து நிரப்பினால் பாதி வேலை குறைந்துவிடும் என்று கையால் உயரம் காட்டினார். பணிச்சூழலியல் நூல்கள் படம் போட்டு விளக்கும் யோசனை அது, அவர் எந்த நூலையும் பார்த்ததில்லை. மறுநாள் அவரும் இன்னொரு சித்தாளும் சேர்ந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மேலே ஒரு சாரப்பலகையைப் போட்டுவைத்திருந்தார்கள். நிமிந்தாள் முதலில் முணுமுணுத்தான், மண்வெட்டியை அவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறதே என்று. பிறகு மண்வெட்டிக்கு நீளமான காம்பு போட்டுக்கொண்டான். பத்து நாள் போல அது அங்கே இருந்தது. அடுத்த வாரம் காம்பவுண்டுச் சுவர் வேலை தொடங்கியது. கல் குறைகிறது என்று மேஸ்திரி அந்தக் கற்களை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்.